எந்தப் பாதைக்கு எந்த வண்டி?

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைக்குச் சென்று, “எனக்கொரு வண்டி கட்டித் தரவேண்டும்” என்று கேட்பவரை நோக்கி மேஸ்திரி விடுக்கும் முதற் கேள்வி, “என்ன பாரம் ஏற்றப் போகிறீர்கள்?” என்பதே. கோழி முட்டை ஏற்றுவதற்கு ஒருவிதமாகவும், சமையல் வாயு ஏற்றுவதற்கு வேறுவிதமாகவும், மூட்டை ஏற்றுவதற்கு மற்றொருவிதமாகவும் வண்டி அமையவேண்டும் என்பது அங்கே நேற்று வேலை பழக வந்தவனுக்கும் தெரியும். திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டுவதற்காகப் பாரத நாடெங்கும் செல்லும் ரிக் வண்டியில் முட்டை ஏற்ற ஒருவரும் முயலமாட்டார். அடிச்சட்டம் ஒன்றாயிருக்கலாம், ஆனால் பாரமும் பாதையுமே வண்டியின் உருவத்தை நிர்ணயிக்கின்றன. இந்த உண்மையையே தொழிலாகக் கொண்டு ஜீவிக்கும் பிரதேசம் நமது சேலம், நாமக்கல் சமவெளி.

இப்படிப்பட்ட பிரதேசத்திலே, ஏற்றப்படும் பாரம் முட்டையாகவோ வாயுவாகவோ இல்லாமல் ஒரு மனிதனுடைய பிராணனாக இருக்கும்போது மட்டும் ‘எந்த வண்டி?’ என்னும் கேள்வி எழாமற் போவது விந்தையிலும் விந்தை. வெள்ளை வர்ணம் பூசி, தலையில் ஒரு சுழல் விளக்கை வைத்து, ஊளையிடும் மணியொன்றைக் கட்டிவிட்டால், அதை ஆம்புலன்ஸ் என்று ஜனங்கள் ஒப்புக்கொண்டு விடுகிறார்கள். சர்க்காரும் இத்தனை வண்டிகள் விட்டோம், இன்னும் இத்தனை விடப் போகிறோம் என்று எண்ணிக்கையையே பறைசாற்றுகிறது. சட்டசபையில் எதிர்க்கட்சியாரும் அந்த எண்ணிக்கை போதாது என்றே வாதாடுகின்றனர். எண்ணிக்கை அவசியமானதே, நாம் அதை மறுக்கவில்லை. ஆனால் எந்த வகை வண்டி, எந்த இடத்தில் நிற்கிறது, அதற்குள் என்ன கருவி இருக்கிறது, என்ன படித்தவர் அமர்ந்திருக்கிறார் என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை தெரியாத வரையில், எண்ணிக்கை வெறும் எண்ணிக்கையே.

முதலில் பாராட்டத்தக்கதைப் பாராட்டிவிடுவோம். 2005-ம் வருஷம் ஹைதராபாத்தில் தொடங்கிய 108 என்னும் அவசர வண்டி ஏற்பாடு, 2008-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் தமிழ்நாட்டிற்கு வந்தது. அதற்கு முன் நமது கிராமங்களில் பிரசவ வேதனையில் துடித்த ஸ்திரீயை மாட்டு வண்டியிலோ, வாடகைக் காரிலோ, அதுவும் கிடைக்காவிடில் கயிற்றுக் கட்டிலில் கிடத்தி ஆட்கள் தூக்கியோதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயினர். இன்று தமிழ்நாட்டில் இந்த ஏற்பாட்டின் கீழ் 1,300-க்கு மேற்பட்ட வண்டிகள் ஓடுகின்றன. ஏழை என்றும் பணக்காரன் என்றும் பாராமல், ஒரு காசும் வாங்காமல், மூன்று எண்களை அழுத்திய மாத்திரத்தில் வண்டி புறப்படுகிறது. ஓட்டுநரும் மருத்துவ உதவியாளருமாகிய இருவர் நள்ளிரவிலும் வருகிறார்கள். எத்தனையோ குழந்தைகள் அந்த வண்டியிலேயே பிறந்து உலகத்தைப் பார்த்திருக்கின்றன. சர்க்கார் ஏற்பாடுகளில் ஜனங்கள் மனப்பூர்வமாக வாழ்த்துவது சிலவே. அவற்றில் இது ஒன்று என்பதில் ஐயமில்லை.

ஆயினும் நாம் எவ்வளவு காலந் தாழ்த்தி இதனை அடைந்தோம் என்பதையும் நேயர்கள் சிந்திக்க வேண்டும். 1935-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் லண்டன் நகரின் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பற்றி ஐந்து ஸ்திரீகள் மாண்டார்கள். தீயணைக்கும் படைக்குத் தகவல் சொல்ல முயன்ற அண்டை வீட்டாரை டெலிபோன் நிலையம் காக்க வைத்துவிட்டது. அவர் அதைக் கண்டித்துப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். விசாரணை நடந்தது. இரண்டு வருஷத்திற்குள், 1937-ம் வருஷம் ஜூன் 30-ந் தேதி, 999 என்னும் அவசர எண் லண்டனில் அமுலுக்கு வந்துவிட்டது. லண்டனுக்கு 1937, தமிழ்நாட்டிற்கு 2008. இடையே 71 வருஷங்கள். இவற்றுள் முதல் பத்து வருஷங்களுக்கு அன்னியன் பொறுப்பாளி என்று சொல்லி நாம் மனம் ஆறலாம். மிச்சமுள்ள 61 வருஷங்களுக்கு யார் பொறுப்பாளி? சுயராஜ்யம் பெற்ற நாமேதான். இதைச் சொல்ல நாம் வெட்கப்படவேண்டும். ஆனால் சொல்லாமல் மறைக்கலாகாது.

நமது ஜனங்களுக்கு இத்தொண்டின் அருமை தெரியாததால் இந்தத் தாமதம் நேரவில்லை. 1899-ம் வருஷத்தில் தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம் மூண்டபோது, காந்தியடிகள் இந்தியர்களைக் கொண்டு ஓர் ஆம்புலன்ஸ் படை திரட்டினார். அதில் சேர்ந்த ஏறக்குறைய 1,100 பேரில் சுமார் 300 பேர் சுயேச்சையான இந்தியர்கள். ஏனையோர் ஒப்பந்தக் கூலிகள். நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிச் சென்ற அத்தகைய கூலிகளில் தமிழர் தொகை மிகப் பெரிது. அவர்கள் காயம்பட்ட சிப்பாய்களைத் தூக்குக் கட்டிலில் கிடத்தி, நாளொன்றுக்கு இருபது, இருபத்தைந்து மைல் நடந்தார்கள். ஸ்பியன் காப் குன்றின் கீழே குண்டு விழும் எல்லைக்குள்ளும் சென்று ஆட்களை எடுத்து வந்தார்கள். அன்னிய நாட்டில் அன்னியனுடைய சிப்பாயைத் தோளில் சுமந்து காத்த ஜாதி, சொந்த நாட்டில் தன் தாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல ஒரு வண்டிக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தது. மனமும் தோளும் நம்மிடம் இருந்தன. இல்லாதது ஏற்பாடு ஒன்றே.

இனி, பிரிட்டன் அந்த ஏற்பாட்டை எவ்விதம் வளர்த்தது என்று பார்ப்போம். அந்நாட்டாரைப் புகழ்வது நமது நோக்கமன்று. அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை நாம் கேட்டுத் தெரிந்துகொள்வது புத்திசாலித்தனம். 1877-ல் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கம் அங்கே முதலுதவி கற்பிக்கத் தொடங்கிற்று. 1948-ம் வருஷம் ஜூலை மாதத்தில் தேசிய சுகாதார சேவை பிறந்தபோது, ஆம்புலன்ஸ் ஓட்டும் கடமை ஸ்தல ஸ்தாபனங்களின் தலையில் சட்டப்படி விழுந்தது. 1974-ல் அது சுகாதார சேவையோடு சேர்க்கப்பட்டது. அந்நாட்களில் ஆம்புலன்ஸ் என்பது நோயாளியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடும் வண்டியாகவே பெரும்பாலும் இருந்தது. வண்டியிலுள்ளவர்கள் தூக்குவது மாத்திரமன்றிச் சிகிச்சையும் செய்யப் பழகவேண்டும் என்று 1966-ம் வருஷத்து மில்லர் குழு வற்புறுத்தியது. அதிலிருந்து வண்டியின் உட்புறம் மாறத் தொடங்கியது; உட்புறம் மாற மாற, வகையும் பெருகிற்று.

இன்று அந்நாட்டில் ஆம்புலன்ஸ் என்பது ஒரு வண்டியின் பெயரன்று. ஒரு குடும்பத்தின் பெயர். எல்லாக் கருவிகளும் கொண்ட பெரிய மஞ்சள் வண்டி அக்குடும்பத்தின் மூத்த பிள்ளை. அதற்கு முன்னே விரைந்து சென்று சிகிச்சையைத் தொடங்குவதற்கு, நோயாளியை ஏற்றாத சிறிய கார் ஒன்று இருக்கிறது. நெரிசல் மிகுந்த தெருக்களுக்கு மோட்டார் சைக்கிள். லண்டனின் கடைத்தெருவுக்கும் ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் கால்மிதி சைக்கிள். விஷவாயு கசிந்த இடத்திலும் இடிந்து விழுந்த கட்டிடத்திலும் புகுவதற்குத் தனிப் பயிற்சி பெற்ற படையும் அதற்குரிய வண்டிகளும் உண்டு. கடலுக்கு அப்பாலுள்ள ஸ்காட்லாந்துத் தீவுகளுக்கு ஆகாய விமானம்; 1933-லேயே ஐலா தீவிலிருந்து நோயாளி ஒருவரை விமானத்தில் கொண்டு சேர்த்திருக்கிறார்கள். 1987-ல் கார்ன்வால் பிரதேசத்தில் தொடங்கிய ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் பிறகு நாடெங்கும் பரவிற்று. அதன் செலவின் பெரும்பகுதி ஜனங்கள் மனமுவந்து கொடுக்கும் நன்கொடை என்பது குறிப்பிடத்தக்கது.

இக்குடும்பத்திலே வெளிநாட்டார் கண்ணில் அதிகம் படாத ஓர் உறுப்பினர் உண்டு. அதுவே நமக்கு மிகவும் பாடம் புகட்டக்கூடியது. அவசரமில்லாத நோயாளிகளை, அதாவது குறித்த நாளில் சிகிச்சைக்கு வரவேண்டிய முதியோரையும் நடக்க இயலாதவரையும், வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டிற்கும் கொண்டு விடுவதற்கென்றே தனி வண்டிகள் அங்கே ஓடுகின்றன. அவற்றில் விலையுயர்ந்த கருவிகள் கிடையா. சாதாரணமான வண்டிகளே. ஆனால் அவை ஓடுவதால்தான், அவசர வண்டி அவசரத்திற்குக் கிடைக்கிறது. வெட்டுக்கத்தி விறகுக்கும், அரிவாள்மணை காய்கறிக்கும் என்று பிரித்து வைத்துக்கொள்ளும் குடும்பத் தலைவியின் விவேகமே இதில் இருக்கிறது.

இந்த வகைப் பிரிவு நமது நாட்டுச் சட்டத்திலும் இல்லாமலில்லை. மோட்டார் வண்டிகளின் தரத்தை நிர்ணயிக்கும் ஏ.ஐ.எஸ். 125 என்னும் விதி, ஆம்புலன்ஸ்களை நான்கு வகையாகப் பிரிக்கிறது. முதல் வகை, சம்பவ இடத்திற்கு முந்திச் சென்று முதற் சிகிச்சை தருவது. அது நோயாளியை ஏற்றிச் செல்ல வேண்டியதில்லை. இரண்டாவது, அபாய நிலையில் இல்லாத நோயாளியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டு செல்வது. மூன்றாவது, அடிப்படை உயிர்காப்புச் சாதனங்கள் உள்ளது. நான்காவது, செயற்கைச் சுவாசக் கருவி முதலிய உயர்தரச் சாதனங்களும் அவற்றைக் கையாளத் தெரிந்தவரும் உள்ளது. தமிழ்நாட்டு 108 ஏற்பாட்டிலும் உயர்தர வண்டி, பச்சிளங் குழந்தைகளுக்கான வண்டி, மலைப்பாதைக்கென நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டி, 2016-ல் வந்த மோட்டார் சைக்கிள் என்று பல வகைகள் இருக்கின்றன. ஆகவே அறிவு இல்லை என்று நாம் குறை கூறவில்லை. அந்த அறிவு ஜில்லாவின் பூமியமைப்போடு ஒட்டி, ஊர் ஊராக இறங்கி வந்திருக்கிறதா என்பதே நமது கேள்வி.

நமது பூமியமைப்பை நோக்குவோம். ஹோசூரிலிருந்து வரும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை தொப்பூர்க் கணவாயில் இறங்கி, ஓமலூர், சேலம், ராசிபுரம், நாமக்கல், பரமத்தி வேலூர் வழியாகக் காவிரியைக் கடந்து கரூர் செல்கிறது. சேலத்திலிருந்து ஒரு சாலை சங்ககிரி வழியாகக் கோயம்புத்தூருக்கும், மற்றொன்று ஆத்தூர் வழியாக உளுந்தூர்ப்பேட்டைக்கும் பிரிகின்றன. தென்னாட்டுப் பாரமெல்லாம் சந்திக்கும் முச்சந்தி நமது ஜில்லா. 2022-ம் வருஷத்தில் இந்தியாவில் சாலை விபத்தில் மாண்டவர் 1,68,491 பேர். அவ்வருஷம் தமிழ்நாட்டில் மட்டும் 64,105 விபத்துக்கள் நிகழ்ந்து, 17,884 பேர் உயிரிழந்தனர். விபத்துக்களின் எண்ணிக்கையில் இந்தியாவிலேயே முதலிடம் நமக்கு! எதில் முதலிடம் வாங்குவது என்று ஒரு கணக்கு வேண்டாமா?

நெடுஞ்சாலையில் அடிபட்டவனுக்கு வேண்டியது என்ன? இரத்தப் பெருக்கை நிறுத்துவதும், சுவாசம் அடைபடாமல் காப்பதும், ஒடிந்த கழுத்தையும் முதுகெலும்பையும் அசையாமல் தாங்கி எடுப்பதும் முதற் கடமைகள். இவை முதல் ஒரு மணி நேரத்திற்குள் நடக்கவேண்டும். லாரியின் முன்பக்கத்தில் நசுங்கிக் கிடப்பவரை வெளியே எடுக்க இரும்பை அறுக்கும் கருவி வேண்டும். அது ஆம்புலன்ஸில் இராது, தீயணைப்பு வண்டியில்தான் இருக்கும். ஆகவே இரண்டும் ஒரே வேளையில் வந்து சேரவேண்டும். நெடுஞ்சாலை அதிகாரிகளுக்கென 1033 என்று ஓர் எண்; மாநில ஆம்புலன்ஸுக்கு 108; எல்லா அவசரத்திற்கும் 112. இத்தனை எண்கள் இருப்பது தவறன்று. ஆனால் அடிபட்டவனைச் சுற்றி நிற்பவர் எந்த எண்ணை அழுத்தினாலும், மிகவும் சமீபத்திலுள்ள தகுந்த வண்டி புறப்படவேண்டும். எண் எத்தனையானாலும் காது ஒன்றாக இருத்தல் அவசியம்.

நெடுஞ்சாலையை விட்டு மலைக்கு வருவோம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 70. சேலத்திலிருந்து ஏற்காட்டிற்கு ஏறும் பாதையில் 20. கிழக்கே கல்வராயன் மலையின் ஒரு பகுதியும் சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. இம்மலைகளில் தார்ச்சாலை முடிந்த இடத்திற்கு அப்பாலும் மனிதர் வாழ்கிறார்கள். பாம்பு அங்கேதான் கடிக்கிறது. பிரசவ வேதனையும் அங்கேதான் தொடங்குகிறது. வண்டி வந்து நிற்கும் இடம் வரையில் துணித் தூளியிலோ கட்டிலிலோ கிடத்தி மனிதர் தூக்கி வரவேண்டியிருந்தால், அந்த வண்டி எவ்வளவு உயர்தரமானதாயினும் பயன் பாதியே.

இது கற்பனைப் பயமன்று. 2023-ம் வருஷம் மே மாதத்தில் வேலூர் ஜில்லாவின் அல்லேரி மலையில் ஒரு சிறு குழந்தையைப் பாம்பு தீண்டிற்று. ஆஸ்பத்திரியை அடையுமுன் குழந்தை இறந்தது. உடலைத் திருப்பிக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ், பாதையில்லாத காரணத்தால் மலையடியிலேயே நின்றுவிட, பெற்ற தாய் தன் குழந்தையின் சடலத்தைக் கைகளில் ஏந்தி மலையேறினாள். அச்செய்தியைப் படித்துக் கலங்காத மனம் இராது. அன்று ஆம்புலன்ஸ் இல்லாமற் போகவில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். எண்ணிக்கையில் அதுவும் ஒன்றாகவே சேர்ந்திருக்கும். ஆனால் அந்தப் பாதைக்கு அது வண்டியன்று.

வழியில்லையா? இருக்கிறது. சத்தீஸ்கரின் நாராயண்பூர் வனப்பகுதியில் மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் படுக்கை இணைத்து நோயாளிகளைக் கொண்டு வருகிறார்கள். வங்காளத்தின் ஜல்பாய்குரி ஜில்லாவில் தேயிலைத் தோட்டத் தொழிலாளியான கரீமுல் ஹக் என்பவர், தமது தாயார் வண்டி கிடைக்காமல் இறந்த துக்கத்தால், தம் மோட்டார் சைக்கிளையே ஆம்புலன்ஸாக்கிப் பல கிராமத்து நோயாளிகளை இலவசமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றார். 2017-ல் பாரத சர்க்கார் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. தனி மனிதர் ஒருவர் தம் கூலிக் காசில் செய்ததை ஜில்லா நிர்வாகம் திட்டமிட்டுச் செய்ய இயலாதா? நமது யோசனை இது: மலைமேல் சிறிய வண்டிகள் எந்நாளும் மலையிலேயே நிற்கட்டும். குக்கிராமத்திலிருந்து தார்ச்சாலைக்கு மோட்டார் சைக்கிள். தார்ச்சாலையிலிருந்து அடிவாரத்திற்கு நான்கு சக்கர இழுவை வண்டி. அடிவாரத்தில் சமவெளியின் உயர்தர வண்டி எதிர்கொண்டு நிற்கட்டும். முற்காலத்தில் தபால் ஓட்டக்காரர் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் வாங்கி ஓடியது போன்ற ஏற்பாடு. வண்டி மாற்றுவதில் சில நிமிஷங்கள் செலவாகும்; நோயாளியை அசைப்பதில் அபாயமும் உண்டு. ஆகவே அசைக்கக்கூடாத நோயாளிக்கு விலக்களிக்கும் அதிகாரம் மருத்துவ உதவியாளரிடம் இருக்கவேண்டும். ஆனால் மலைக்குரிய ஒரே வண்டி நாமக்கல் வரையில் சென்று திரும்பும் அத்தனை நேரமும் மலை முழுவதும் அநாதையாய்க் கிடப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

பட்டணத்தின் தேவையோ வேறு. சேலம் செவ்வாய்ப்பேட்டையின் கடைத்தெருக்களில் பகல் வேளையில் பெரிய வண்டி நகர்வதற்குள் நோயாளியின் நாடி நின்றுவிடும். அங்கே முதலில் போய்ச் சேரவேண்டியது மோட்டார் சைக்கிளில் வரும் மருத்துவ உதவியாளர். பெரிய வண்டி பின்னே வரலாம். குறை மாதத்தில் பிறந்த சிசுவுக்கோ உஷ்ணம் மாறாத பெட்டியோடு கூடிய வண்டி வேண்டும். அந்தச் சிசுவைச் சாதாரண வண்டியில் துணி சுற்றிக் கொண்டு செல்வது, வாயு டாங்கரின் பாரத்தைக் கோணிப்பையில் கட்டுவதை ஒக்கும்.

இங்கே வெளிப்படையாகப் பேசவேண்டிய விஷயம் ஒன்றுண்டு. சர்க்கார் வண்டிகளைத் தவிர, நமது ஊர்களில் தனியார் வண்டிகள் பல ஓடுகின்றன. அவற்றுள் நல்லவை உண்டு. தர்ம சிந்தையோடு சங்கங்கள் நடத்துபவையும் உண்டு. ஆனால் ஆபத்து வேளையில் ஒரு வண்டியைக் கூப்பிடும் குடும்பத்தார், அதற்குள் பிராணவாயு இருக்கிறதா, அதைக் கொடுக்கத் தெரிந்தவர் இருக்கிறாரா என்று அறிய வழியில்லை. ஒரு மூட்டை சிமெண்டின் மேல் அதன் தரம் அச்சிடப்பட்டிருக்கிறது. மனித உயிரை ஏற்றும் வண்டியின் மேல் அது எழுதப்படக் கூடாதா? நால்வகையில் தான் எந்த வகை என்பதைத் தமிழில், பெரிய எழுத்தில், ஒவ்வொரு ஆம்புலன்ஸின் கதவிலும் எழுதும்படி செய்யவேண்டும். மோட்டார் வண்டிச் சோதனை அதிகாரிகள் விளக்கையும் பிரேக்கையும் பார்ப்பதோடு நில்லாமல், வகைக்குரிய கருவிகளையும் சோதிக்கவேண்டும்.

வண்டி ஆஸ்பத்திரி வாசலை அடைந்தவுடன் கதை முடிந்துவிடுவதில்லை. இங்கே பிரிட்டனின் அனுபவம் நமக்கு எச்சரிக்கையாக விளங்குகிறது. கடுமையான அவசர நிலையில் உள்ளவரை ஆம்புலன்ஸ் சராசரி 7 நிமிஷத்திலும், அடுத்த நிலையில் உள்ளவரைச் சராசரி 18 நிமிஷத்திலும் அடையவேண்டும் என்று 2017-ல் இங்கிலாந்தில் குறி வைத்தார்கள். 2022-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் அந்த 18 நிமிஷம் ஒன்றரை மணி நேரத்தையும் தாண்டிற்று! வண்டிகள் இல்லாமையால் மட்டும் இது நேரவில்லை. ஆஸ்பத்திரியில் படுக்கை காலியில்லாததால், நோயாளியை இறக்க முடியாமல் வண்டிகள் வாசலில் வரிசையாக நின்றன. அம்மாதமே ஆம்புலன்ஸ் தொழிலாளர் வேலைநிறுத்தமும் செய்தனர். குடும்பம் எவ்வளவு பெரிதாயினும் வீட்டுக் கதவு திறக்காவிடில் பிள்ளைகள் தெருவில்தான் நிற்கவேண்டும்.

நமது ஜில்லாக்களில் கதவுகள் பெருகியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. நெடுங்காலம் இப்பிரதேசம் முழுவதற்கும் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியே பெருந்துணையாயிருந்தது. 1997-ல் தனி ஜில்லாவான நாமக்கல்லுக்கு 2022-ம் வருஷம் ஜனவரியில் தனி மருத்துவக் கல்லூரி கிடைத்தது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கும் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021-ம் வருஷம் டிசம்பரில் தொடங்கிற்று. இவையெல்லாம் நல்லவையே. ஆனால் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து மற்றோர் ஆஸ்பத்திரிக்கு நோயாளியை மாற்றும் வேலையும் அவசர வண்டியின் தலையிலேயே விழுமானால், ராசிபுரத்திலோ ஆத்தூரிலோ நிற்கவேண்டிய வண்டி சேலம் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்; அதே நேரத்தில் அவ்வூரில் ஒருவருக்கு மாரடைப்பு வந்தால் அடுத்த தாலூகா வண்டியை எதிர்பார்க்க வேண்டியதே. அபாய நிலையில் இல்லாதவர்களை மாற்றுவதற்குத் தனி வண்டிகள் வேண்டும் என்று நாம் மேலே சொன்னதன் காரணம் இதுவே.

‘இதற்கெல்லாம் பணம் எங்கே?’ என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நமது யோசனையின் சாரமே சிக்கனந்தான் என்று அவர்களுக்குச் சொல்லுவோம். கருவி நிறைந்த உயர்தர வண்டியை, கால் முறிவுக்குக் கட்டுப் பிரிக்கப் போகும் பெரியவரை ஏற்ற அனுப்புவதே வீண் செலவு. மோட்டார் சைக்கிள் போதுமான இடத்திற்கு மோட்டார் சைக்கிளையும், சாதாரண வண்டி போதுமான வேலைக்குச் சாதாரண வண்டியையும் வைத்தால், அதே பணத்தில் அதிக உயிர்கள் காக்கப்படும். மேலும், வண்டியை விட அருமையானவர் வண்டியிலுள்ள மனிதர். பன்னிரண்டு மணி நேர முறையில் உழைக்கும் ஓட்டுநரும் மருத்துவ உதவியாளரும் களைத்துக் கண்ணயர்ந்தால் எந்த வகை வண்டியாலும் பயனில்லை. எட்டு மணி நேர வேலை என்னும் அவர்களது கோரிக்கையைச் சம்பளப் பேச்சாக மட்டும் கருதாமல், நோயாளியின் க்ஷேமமாகவும் கருதவேண்டும்.

ஆகவே சேலம், நாமக்கல் ஜில்லா நிர்வாகங்களிடம் நாம் கேட்பது பெரிதொன்றுமில்லை. ஜில்லாவில் உள்ள ஆம்புலன்ஸ்கள் எந்தெந்த வகையைச் சேர்ந்தவை, எங்கெங்கே நிற்கின்றன, அழைத்த நேரத்திலிருந்து சராசரி எத்தனை நிமிஷத்தில் சேருகின்றன என்பதைத் தாலூகா வாரியாக மாதந்தோறும் பகிரங்கமாக வெளியிடட்டும். மலைக்கிராமங்களுக்குத் தனிக் கணக்கு வேண்டும்; ஜில்லா முழுவதற்குமான சராசரியில் கொல்லிமலையின் துயரம் மறைந்துவிடும். அந்தக் கணக்கைப் பார்த்தவுடன் எந்த ஊருக்கு எந்த வண்டி வேண்டும் என்பது தானே விளங்கிவிடும்.

கடைசியாக, நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடிபட்டவனைத் தூக்கினால் போலீஸுக்கும் கோர்ட்டுக்கும் அலைய நேரிடும் என்ற பயம் இன்னும் ஜனங்களிடையே உலவுகிறது. அப்பயத்திற்கு இன்று இடமில்லை. அடிபட்டவருக்கு முதலில் சிகிச்சை, பிறகே மற்றவை என்று சுப்ரீம் கோர்ட் 1989-லேயே தீர்ப்பளித்துவிட்டது. உதவி செய்பவரைக் காக்கும் விதிகளை 2016-ல் அதே கோர்ட் அமுலாக்கிற்று. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்குத் தொடரலாகாது என்று சொல்லுகிறது. தமது பெயரை வெளியிடும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. அச்சட்டமே, அவசர வண்டிக்கு வழிவிடாதவருக்குப் பதினாயிரம் ரூபாய் வரை அபராதமும் சிறையும் விதிக்க இடம் தருகிறது. ஆயினும் சட்டத்திற்குப் பயந்தா நாம் வழிவிட வேண்டும்? ஊளையிட்டு வரும் வண்டிக்குள் இருப்பவர் நம் வீட்டார் அல்லர் என்று நமக்கு நிச்சயமாகத் தெரியுமா?

நமது கட்சி ஊழியர்களுக்கும் வாலிபர் சங்கங்களுக்கும் ஒரு வேலை காத்திருக்கிறது. ஒவ்வோர் ஊரிலும் பத்துப் பேர் முதலுதவி கற்றுக்கொள்ளட்டும். இரத்தம் பெருகும் இடத்தை அழுத்திப் பிடிக்கவும், நின்றுபோன இருதயத்தை மார்பை அழுத்தி இயக்கவும், பாம்பு தீண்டியவரைக் கீறாமலும் கட்டாமலும் அசையாமல் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லவும் அவர்கள் பழகட்டும். எந்த வண்டியும் வருவதற்கு முன் அங்கே இருக்கக்கூடியவர் பக்கத்திலிருக்கும் மனிதரே. நேட்டாலில் தூக்குக் கட்டில் சுமந்த தோள்கள் நம்முடையவை. அந்தத் தோளுக்கு ஏற்ற வண்டியையும் பாதையையும் அமைத்துக் கொடுப்பது சர்க்காரின் கடமை. லாரிக்கு என்ன பாரம் என்று கேட்கத் தெரிந்த நமது ஜில்லா, இனி ஆம்புலன்ஸுக்கு எந்தப் பாதை என்றும் கேட்கட்டும்.